தைத்து மூடிய பை

சில அறைகளின் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஸம்ஃபீராவின் வலது கை தானாகவே இடப்பக்கத்துப் பைக்குப் போகும். நீல மேலங்கியின் இடுப்பளவில் இருக்கும் பை அது. கை அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும், பிறகு கதவு திறக்கும். முப்பத்தொரு வருடமாக இப்படித்தான்.

எல்லா அறைகளுக்கும் கை போவதில்லை. உள்ளே யாருக்காவது நாள் நெருங்கியிருந்தால் மட்டும் போகும். இன்னாருக்கு நெருங்கிவிட்டது என்று அவள் யோசித்துத் தொடுவதில்லை. கை போன பிறகுதான் அவளுக்கே தெரியும். எக்ஸ்ரேவுக்கு முன்னால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும் என்று நுரையீரல் வார்டில் பேசிக்கொள்வார்கள். கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று பதித்திருந்ததால் படுக்கையில் இருப்பவர்களுக்கு அவள் தோளும் கையும் நன்றாகத் தெரியும். மூன்றாம் அறையின் பான்டெலி, ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு குளிர்காலமும் மூச்சிரைப்போடு வந்து சேருகிறவர், அவளைக் கண்டதும் சத்தம் போடுவார்.

"தங்கச்சி, ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு உள்ள வா! போலீஸ்கிட்ட சரணடையற மாதிரி வா!"

"சாவுக்கே உங்களக் கண்டா ஒத்துக்காதுண்ணே. பயப்படாம பாலைக் குடிங்க."

"எனக்கு என்ன பயம்? வீட்டுல ரெண்டு பாட்டில் பிளம் சாராயம் இருக்கு. அது முடியற வரைக்கும் அந்தப் பைப்பக்கம் கை போகக் கூடாது, சொல்லிட்டேன்."

அறையே சிரிக்கும். சிரிப்பு இருமலில் போய் முடியும். இருமி ஓய்ந்த பிறகு எல்லாக் கண்களும் ஒரு முறை அவள் பையைப் பார்க்கும்.

பைக்குள் இருப்பது விரல் நீளத்தில் பழுப்பான தேன்மெழுகுவத்தி ஒன்றும் தீப்பெட்டி ஒன்றும். பூருத் ஆற்றை ஒட்டிய அந்த மேட்டு நிலத்தில், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பெண்கள் சண்டை போட்டால், கடைசியாக வாயில் வரக்கூடிய மிக மோசமான சாபம் ஒன்றுதான்: மெழுகுவத்தி இல்லாமல் சாவாய். போகிறவரின் கையில் எரியும் சுடர் இருக்க வேண்டும். வெளிச்சமில்லாமல் போகிறவருக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது, காலமெல்லாம் துழாவிக்கொண்டே இருப்பார். வீட்டில் செத்தவரைக்கும் யாராவது பிடித்தார்கள். மனிதர்கள் ஆஸ்பத்திரியில் சாகத் தொடங்கிய பிறகு யார் பிடிப்பது? ஸம்ஃபீரா பிடித்தாள். அவள் வேலை படுக்கை மாற்றுவது, மலம் துடைப்பது, தரை கழுவுவது. மெழுகுவத்தி வேலையை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அந்தச் சமயம் மருத்துவர்களுக்கு வேறு அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

சிக்கல் ஆக்சிஜனில் இருந்தது. நுரையீரல் வார்டில் சாகிறவர் எல்லாருக்கும் சுவரிலிருந்து குழாய் வரும். குழாயின் மேல் கண்ணாடிக் குழல், அதற்குள் மிதக்கும் சிறு குண்டு, பக்கத்தில் திருகு. ஆக்சிஜன் ஓடும்போது தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும் என்பது அவளுடைய இடது உள்ளங்கைக்குத் தெரியும். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு கிழவரின் தலையணை உறை சரேலென்று பிடித்துக்கொண்டது. அவள் கையால் அறைந்து அணைத்தாள். அந்த இடத்தில் தோல் இன்னும் மினுமினுப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். முதலில் திருகை மூட வேண்டும், குண்டு அடியில் போய் விழும். அடுத்து ஜன்னலைத் திறந்து, போர்வையை உதறிவிட்டு, நூறு வரை எண்ண வேண்டும். பிறகுதான் தீக்குச்சி.

எண்ணிப் பார்த்தால் அதுதான் பயங்கரம். சுடர் வேண்டுமென்றால் மூச்சை நிறுத்த வேண்டும். நூறு எண்ணிக்கை முன்னால் மூடினால், கொன்றவள் அவள். நூறு எண்ணிக்கை தாமதித்தால், அந்த மனிதன் இருட்டில் போவான். எந்த மூச்சு கடைசி மூச்சு என்று அது முடிந்த பிறகுதானே தெரிகிறது?

இருபத்தைந்து வருடம் அவளுக்குத் தவறவில்லை. அல்லது, தவறியது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்று அவள் யோசிக்கத் தொடங்கியது செவாஸ்தாவுக்குப் பிறகுதான்.

செவாஸ்தா பள்ளிக்கூடச் சமையற்காரியாக இருந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "எனக்கு வேற யாரும் இல்லடி. நீதான் பிடிக்கணும். சத்தியம் பண்ணு," என்றாள். ஸம்ஃபீரா சத்தியம் செய்தாள். ஒரு ஜனவரி மதியம் செவாஸ்தாவின் மூச்சுக்கு இடைவெளி நீண்டது, உதடு நீலமாயிற்று. ஸம்ஃபீரா திருகை மூடினாள். ஜன்னலைத் திறந்து, எண்ணி, ஏற்றி, அந்த மெலிந்த விரல்களுக்குள் மெழுகுவத்தியை வைத்துத் தன் கையால் மூடிப் பிடித்தாள். அப்போது செவாஸ்தா கண்ணைத் திறந்தாள்.

திறந்த கண் மூடவில்லை. வாய் காற்றைத் தேடித் தேடித் திறந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம். பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் செவாஸ்தா சுடரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஸம்ஃபீரா சுடரை ஊதி அணைத்துவிட்டுத் திருகைத் திறந்தாள். குண்டு துள்ளி மேலே எழுந்தது. செவாஸ்தாவின் உதடு மெல்ல நிறம் திரும்பியது. ஏழு மணிக்கு ஸம்ஃபீராவின் வேலை நேரம் முடிந்தது. அவள் இருந்திருக்கலாம். முன்பு எத்தனையோ பேருக்காக இருந்திருக்கிறாள். அன்று மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியில் வழுக்கி வழுக்கி வீட்டுக்கு ஓடினாள். விடிவதற்குள் செவாஸ்தா போய்விட்டாள். அன்று இரவு வேலைக்கு இருந்தவள் புதிய பெண், அவள் தூங்கிவிட்டாள். மெழுகுவத்தி இல்லை.

அப்படிப் போனவருக்கும் ஒரு வழி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, அவர் பெயரைச் சொல்லி எரியும் மெழுகுவத்தி ஒன்றை அந்நியர் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் முதலில் கோயிலில் பெயரை வாசிக்க வேண்டும். அந்த ஊர்ப் பாதிரியார், எப்படிப் போனார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெயரை வாசிப்பார். ஸம்ஃபீரா அந்த வருடமே ஒரு மெழுகுவத்தி வாங்கினாள். வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வருடமும் அப்படித்தான். யாரிடமும், கவ்ரிலிடம்கூட, சொல்லவில்லை.

கவ்ரில் அவள் புருஷன். கல்நார் ஓடு ஆலையில் இருபத்தாறு வருடம் மூட்டை கட்டியவன். வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, வெள்ளையாகப் பொடி படிந்த புருவத்தோடு நடைக்கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் அது. இருவரும் சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போய் மக்காச்சோளக் களி கிண்டிச் சாப்பிடுவார்கள். பெஞ்சிலிருந்து அவன் ஒரு வேலையுமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கையைத்தான். எந்த அறைக்கு முன்னால் போகிறது, எதற்கு முன்னால் போகவில்லை என்று அவனுக்கு அத்துப்படி.

"அஞ்சாம் நம்பர் இன்னைக்கா?" என்பான் வழியில்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன் கை ஊருக்கே தண்டோரா போடுதே."

அதே கவ்ரிலை மார்ச் மாதத் தொடக்கத்தில், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் அறையில் பான்டெலிக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். முகமூடி மாட்டி, குண்டைப் பத்துக்கு ஏற்றினார்கள். டாக்டர் ஒட்டிலியா, அந்த வார்டில் நான்கு வருடமாக இருக்கும் இளம்பெண், ஸம்ஃபீராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"உட்காருங்கக்கா."

"நின்னே கேக்கறேன், டாக்டரம்மா."

"நுரையீரல் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. இந்த வாரம் தாண்டாது. அதுக்கப்புறம் ரெண்டு வழிதான். தொண்டையில குழாய் போட்டு, மெஷின்ல வெச்சு, யாஷி டவுன்ல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இல்லன்னா இங்கயே வெச்சு, மூச்சு முட்டறது தெரியாம மருந்து குடுத்துப் பார்த்துக்கலாம்."

"மெஷின் போட்டா எழுந்துருவாரா?"

ஒட்டிலியா பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். "மெஷின்ல ஏறினா எறங்க மாட்டார். நாள் கூடும். பத்து நாள், ஒரு மாசம். பேச முடியாது. அங்க உங்கள உள்ள விடவும் மாட்டாங்க."

"யாரு முடிவு பண்றது?"

"அவருதான். ஆனா வியாழக்கிழமைக்கு மேல அவருக்கு நினைவு தெளிவா இருக்காது. அப்புறம் அந்தக் கையெழுத்து உங்க தலையிலதான் விழும்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க."

"அக்கா..."

"முப்பத்தொரு வருஷமா இந்த வார்டுல யார் வீட்டுக்காரங்க கேட்டாலும் இதேதான் நான் சொல்லிக்குடுத்தேன். சொன்னா அன்னைக்கே பாதி செத்துருவாங்கம்மா. நம்ம ஊர்ல யாரும் சொல்றதில்ல."

"தெரியும். நாலு வருஷமா எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்லாதேங்கறாங்க. படுத்திருக்கறவர்கிட்ட மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல." ஒட்டிலியா எழுந்தாள். "வியாழக்கிழமை வரைக்கும் உங்களுக்காகப் பொறுக்கறேன். அதுக்கு மேல முடியாது."

மகன் எமில் இத்தாலியில், டொரினோவில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். போனில் அவன் குரலுக்குப் பின்னால் லாரிகள் உறுமின. "மெஷின் போடச் சொல்லும்மா! இங்கெல்லாம் தொண்ணூறு வயசுக்காரனுக்கே போடறாங்க. நான் சனிக்கிழமை கெளம்பி வர்றேன். அதுவரைக்கும் அப்பாவ எப்படியாவது பிடிச்சு வை. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காத."

பிடித்து வை. அந்த வார்த்தையோடு அவள் வீட்டுக்குப் போனாள். கவ்ரிலிடம் யார் சொல்லாவிட்டாலும் அவள் கை சொல்லிவிடும். அந்தக் கையை என்ன செய்வது? சமையலறை மேசையில் மேலங்கியை விரித்துப் போட்டு, மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து அலமாரி இழுப்பறையில் வைத்தாள். செவாஸ்தாவுக்கென்று வாங்கியதும் அங்கேதான் கிடந்தது. கறுப்பு நூலைக் கோத்து, பையின் வாயை இரட்டைத் தையலாகத் தைத்து மூடினாள். கை போனாலும் தங்க இடமிருக்காது, இரண்டு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் அறைக் கதவின் முன்னால் கை போயிற்று. தையலில் முட்டி, நொண்டிக்கொண்டு திரும்புவது போலத் திரும்பியது. அவள் உள்ளே நுழைந்தாள்.

"அட!" என்றார் பான்டெலி. "இன்னைக்கு கை பாதி வழியிலயே திரும்பிருச்சு. கவ்ரில் தம்பி, நாம ரெண்டு பேரும் கோடைக்காலத்த பார்த்துருவோம்."

கவ்ரில் சிரிக்கவில்லை. முகமூடிக்கு மேலே அவன் கண்கள் கையிலேயே இருந்தன. அன்று முழுக்க அவள் வந்தாள், போனாள். போர்வையைச் சரிசெய்தாள், "நாளைக்குத் தேவலையா இருக்கும்," என்றாள், புளிப்புச் சூப்பை ஸ்பூனால் ஊட்டினாள். ஒவ்வொரு முறையும் கதவருகே கை கிளம்பியது. ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு திரும்பியது. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மதியம் பான்டெலியை எக்ஸ்ரேவுக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இங்க வா," என்றான் கவ்ரில். முகமூடிக்குள் குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"என்ன வேணும்? தண்ணியா?"

"கிட்ட வாடி."

சிமெண்டு தின்று வெடித்துப்போன அவன் விரல்கள் மேலங்கியைத் தடவி, பையைக் கண்டுபிடித்து, தையலின் மேல் நின்றன.

"கிழிஞ்சிருந்துச்சு," என்றாள் அவள்.

"கிழிஞ்சதத் தைக்கறவ வாயையுமா சேர்த்துத் தைப்பா?"

அவள் போர்வை ஓரத்தை மடித்துச் சொருகினாள். கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கா?"

"எது?"

"ஸம்ஃபீரா. உள்ள இருக்கா, இல்லையா?"

"இல்ல. வீட்டுல வெச்சுட்டேன்."

அவன் முகம் மாறியது. அந்த முகத்தை அவள் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். முப்பது வயதில் கவ்ரில் ஆலையின் பொடிக் கிடங்குக்குள் இறங்கியபோது மேலே மூடி விழுந்து மாட்டிக்கொண்டான். நான்கு மணி நேரம். கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாத இருட்டு, வாயெல்லாம் பொடி. வெளியே இழுத்துப் போட்டபோது அவன் முகம் இப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் அவன் படுக்கையறையில் ஒரு சின்ன விளக்கு எரியாமல் தூங்கியதில்லை.

"அப்போ நான் இருட்டுலதான் போகணுமா?" என்றான்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எதை வேண்டாம் என்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உன் கை பைக்குப் போயிருந்தா நான் தொடாதேன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நீ கைய தொட விடல. தைச்சுட்ட. நேத்துல இருந்து இங்க படுத்து யோசிக்கறேன். சாகப் போறேன்னு நெனச்சேன். அது சரி, அதத் தாங்கிக்கலாம். ஆனா இவ தைச்சிருக்காளே, இவ என்னை யார்கிட்டயோ குடுக்கப் போறா போலிருக்கேன்னு..." மூச்சு வாங்கியது. குண்டு நடுங்கியது. "எங்கடி அனுப்பப் போற?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாஷி, மெஷின், குழாய், உள்ளே விடமாட்டார்கள் என்பது, எமில், வியாழக்கிழமை. சொல்லும்போது இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருடமாக அவள் வாய் எல்லாரிடமும் மறைத்தது, கை எல்லாரிடமும் சொன்னது. அவர்கள் பயந்தார்கள், ஆனால் பையில் தங்களுக்கென்று ஒன்று இருக்கிறது என்றும் தெரிந்து பயந்தார்கள். புருஷனுக்கு மட்டும் அவள் பயத்தை வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாவக் கூப்பிடு," என்றான்.

ஒட்டிலியா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். ஸம்ஃபீரா சொன்னதையே மறுபடி, இன்னும் மெதுவாகச் சொன்னாள். கவ்ரில் முதலில் கேட்டது விளக்கைத்தான்.

"அந்த மெஷின் ரூம்ல லைட் போட்டிருப்பாங்களா?"

"எப்பவும் எரியும், ஐயா."

"பக்கத்துல ஆள்?"

"நர்ஸ் வருவாங்க, போவாங்க."

"வேண்டாம்மா. குழாய் வேண்டாம். எங்க எழுதணும்?"

கையெழுத்து கோணலாக, தாளின் கோட்டை விட்டு இறங்கி விழுந்தது. மாலை எமிலிடம் போனில் அவனே பேசினான். "டேய், நான் முடிவு பண்ணிட்டேன். அம்மாவத் திட்டாத." எமில் அழுதான். பிறகு, "அம்மாகிட்டக் குடு," என்றான். போன் அவள் காதுக்கு வந்ததும் எமில் கேட்டது: "அப்பாவக் கொல்றியாம்மா நீ?"

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அந்தக் கேள்வி அவனுடையதல்ல. ஆறு குளிர்காலமாக அவளுக்குள் கிடந்தது, இப்போதுதான் யாரோ வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை வருவதற்கு முன் தையலைக் கத்திரியால் பிரித்துப் பையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டாள். பாதிரியார் வந்து அவனுக்கு அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவள் கட்டிலருகே குனிந்து, குரலைத் தாழ்த்தி, செவாஸ்தாவைப் பற்றிச் சொன்னாள். பதினொரு நிமிடம். கண். ஓடி வந்தது. "எனக்குப் பயமா இருக்குய்யா. உனக்கு நான் எப்ப மூடறது? சீக்கிரம் மூடிட்டா? நீயும் அப்படிக் கண்ணத் தெறந்து என்னப் பார்த்தா, நான் என்ன செய்வேன்?"

கவ்ரில் தன் கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தான்.

"நீ மூட வேண்டாம்," என்றான். "நான் சொல்றேன். சுட்டுவிரலத் தூக்கறேன். தூக்கினா மூடு. தூக்கலன்னா மூடாத. கணக்கு என்னுது, உன்னுது இல்ல."

"தூக்க முடியலன்னா?"

"மூட்டை தூக்கினவன்டி. ஒரு விரலத் தூக்க மாட்டனா?" சிரிக்கப் பார்த்தான். "அங்க போனதும் செவாஸ்தாவத் தேடிப் பார்க்கறேன். இருட்டுல நின்னுட்டிருப்பா. என்ன சொல்லட்டும்?"

"விளையாடாத."

"நெசமாத்தான் கேக்கறேன். என் வெளிச்சத்துல நாலு அடி கூட்டிட்டுப் போலாம். ஆனா அவளுக்குன்னு சொந்தமா ஒண்ணு வேணுமில்ல?"

"தர்றேன்னு சொல்லு," என்றாள். "இந்த ஈஸ்டருக்குத் தர்றேன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெயில் ஜன்னல் வழியாகப் போர்வையின் பாதி வரை வந்திருந்தது. பான்டெலி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கவ்ரிலின் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஸம்ஃபீரா ஒரு கையால் அவன் கையைப் பிடித்து, மறு கையைத் திருகின் மேல் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சுட்டுவிரலையே பார்த்தாள். ஒட்டிலியா உள்ளே வந்தாள். வேறு அறையில் வேலை இருப்பதாக அவள் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

பத்தரைக்கு விரல் அசைந்தது.

எழுந்ததா? நடுங்கியதா? போர்வையிலிருந்து ஒரு அரிசி மணி உயரம் மேலே வந்து, மறுபடி படிந்தது. செவாஸ்தாவின் கண் அவளை நேரே பார்த்தது. "டாக்டரம்மா, தூக்கினாரா?" என்றாள். "நீங்களும் பார்த்தீங்கல்ல? தூக்கினாரா?"

ஒட்டிலியா நடந்து போய் ஜன்னலின் கொக்கியைக் கழற்றி, இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து வைத்தாள். ஈரமான குளிர்காற்று உள்ளே வந்தது.

"தங்கச்சி," என்றார் பான்டெலி, சுவரைப் பார்த்தபடியே. "என் குழாயையும் மூடிக்கோ. பக்கத்துல இருக்கேன். நூறு எண்ணற வரைக்கும் நான் மூச்சுப் பிடிச்சுக்கறேன்."

ஒட்டிலியா பான்டெலியின் குழாயை மூடினாள். ஸம்ஃபீராவின் விரல்கள் திருகைத் திருப்பின. இரண்டு சுவரிலும் இரண்டு குண்டுகள் அடியில் விழுந்தன. அவள் முகமூடியைக் கழற்றிவிட்டுப் போர்வையை உதறினாள். எண்ணினாள். அறுபதில் எண் தவறியது, மறுபடி ஐம்பதிலிருந்து தொடங்கினாள். கவ்ரில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தீக்குச்சி இரண்டு முறை ஒடிந்தது, மூன்றாவது பிடித்தது. வெடித்த விரல்களுக்குள் மெழுகுவத்தியை வைத்து, தழும்பேறிய தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள்.

அவன் கண் திறந்தது.

அவள் கை மறுபடி திருகுக்குப் போகக் கிளம்பியது. ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. சுடரைப் பார்த்தது. காற்றில் சுடர் இந்தப் பக்கம் சாய்ந்தபோது கண்ணும் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனபோது கூடவே போனது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனை நிமிடம் என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. பான்டெலி இருமித் திணறியபோது ஒட்டிலியா, குழாயைத் திறக்கவா என்று ஜாடையில் கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு ஒரு சமயம் சுடர் சாய்ந்தது, கண் அதனுடன் போகவில்லை.

எமில் சனிக்கிழமை இரவு வந்து சேர்ந்தான். அடக்கமெல்லாம் முடிந்து, கோதுமைப் பணியாரம் பகிர்ந்து, சனங்கள் கலைந்த பிறகு, கதவருகே நின்று கேட்டான்.

"மெஷின் போட்டிருந்தா நான் வர்ற வரைக்கும் இருந்திருப்பாரு. இல்லம்மா?"

"இருந்திருப்பாருடா."

அவள் பொய் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்காக அவள் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். விரலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் விரல் எழுந்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. நடுங்கியது என்றும் முடியாது. இரவில் படுத்தால் அந்த அரிசி மணி உயரம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவன் கணக்கை அவன் வாங்கிக்கொண்டு போனானா, அல்லது அதுவும் அவளிடமே விட்டுப் போய்விட்டானா?

அந்த ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை ஸம்ஃபீரா கோயிலுக்குப் போனாள். வரிசையில் முன்னால் ஏழு பேர். பையில் செவாஸ்தாவின் மெழுகுவத்தி. கவ்ரில் அங்கே சொல்லியிருப்பான், செவாஸ்தா காத்துக்கொண்டிருப்பாள். ஐந்து பேர். மூன்று. பாதிரியார் கேட்பார், அவள் சொல்வாள். செவாஸ்தாவைச் சொன்னால் திருகைச் சொல்ல வேண்டும். திருகைச் சொன்னால் வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்த டாக்டரம்மாவையும், மூச்சுப் பிடித்த பான்டெலியையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர். ஒருவர். தன் முறை வந்ததும் பின்னால் நின்ற பெண்ணிடம், "நீங்க போங்கம்மா," என்று இடம் விட்டாள். அடுத்தவளுக்கும் விட்டாள். வரிசை தீர்ந்தபோது அவள் வாசலில் இருந்தாள்.

பான்டெலி அந்தக் கோடைக்காலத்தைப் பார்த்தார். இரண்டு பாட்டிலையும் முடித்துவிட்டு அடுத்த டிசம்பரில் வந்து சேர்ந்தபோது, ஸம்ஃபீரா ஓய்வு பெற்றிருந்தாள். நீல மேலங்கி இப்போது அவள் சமையலறைக் கதவின் ஆணியில் தொங்குகிறது. பையின் வாயில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. கோழிக்குத் தீனி போடப் போனாலும், தபால்காரருக்குக் கதவைத் திறக்கப் போனாலும், அவள் கை அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது. உள்ளே செவாஸ்தாவின் மெழுகுவத்தி இருக்கிறது. இரண்டு கோடை வெயிலில் கொஞ்சம் வளைந்திருக்கிறது. திரி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.